அப்போ மாஸ்டர்

அந்தத் தெருவில் பேன்ட் காலைக் குறைக்க வேண்டுமென்றாலும், இடுப்பைப் பிரித்துவிட வேண்டுமென்றாலும் அப்போ மாஸ்டரிடம்தான் போக வேண்டும். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதை யார் கண்டார்கள்? வாயைத் திறந்தால் முதலில் விழுகிற சொல் ‘அப்போ’. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு கேள்வி வரும். அந்தக் கேள்வி எப்போதும் ராஜா காலத்தைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

அளவு கொடுக்க வந்தவர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்பார். மாஸ்டர் இன்ச் டேப்பை மார்பைச் சுற்றிக் கொண்டுவந்து, அங்கேயே நிறுத்திவிட்டுக் கேட்பார்.

“அப்போ, சட்டையில பாக்கெட் இல்லாத காலத்துல, ராஜா சும்மா நிக்கும்போது கையை எங்க வச்சுக்கிட்டிருப்பாரு?”

தூக்கிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் வந்தவர் திருதிருவென்று முழிப்பார். மாஸ்டர் விடுவாரா?

“அப்போ, சண்டை நடக்கும்போது ஒரு பக்கத்துக்காரனுக்குப் பசி எடுத்தா, ‘கொஞ்சம் இருங்கப்பா, சாப்பிட்டு வந்துடறோம்’னு சொல்லுவாங்களா?”

கடையில் காஜா எடுப்பது, பட்டன் தைப்பது, ஓரம் மடிப்பது எல்லாம் அவர் மனைவியின் கை வேலை. நேற்று கொடுக்க வேண்டிய துணி இன்னும் வெட்டாமல் கிடக்க, இந்த மனுஷர் ராஜாவின் கையைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வராதா?

“உங்க வாய்க்கு ஒரு காஜா எடுத்துப் பட்டன் போட்டாத்தான் இந்தக் கடை உருப்படும்” என்பாள்.

மாஸ்டர் அதற்கும் சிரிப்பார். “அப்போ, பட்டன் வர்றதுக்கு முன்னாடி...” என்று ஆரம்பிப்பார். அவள் தலையில் அடித்துக்கொள்வாள்.

அவரை மதித்துப் பதில் சொல்கிற ஆள் ஒருவர் இருந்தார். கல்லூரியில் வரலாறு நடத்துகிற வாத்தியார். வருஷத்துக்கு வருஷம் தொப்பை வளர வளர, பேன்ட்டைப் பிரித்துவிட இங்கேதான் வருவார். “சண்டை எந்த வருஷம்னு எனக்குத் தெரியும் மாஸ்டர். எத்தன மணிக்குச் சாப்பிட்டாங்கன்னு தெரியாது. பாத்துட்டு வந்து சொல்றேன்” என்று போவார். சொன்னபடி வந்தும் சொல்வார். சில சமயம், “யாருமே எழுதி வைக்கல மாஸ்டர், எனக்கே வருத்தமா இருக்கு” என்பார். அன்றைக்கெல்லாம் இரண்டு பேரும் துக்க வீட்டுக்காரர்களைப்போல உட்கார்ந்திருப்பார்கள்.

ஒரு மத்தியானம் மாஸ்டர் கண்ணாடியை எங்கோ வைத்துவிட்டு, ஊசியில் நூல் கோக்கப் போராடிக்கொண்டிருந்தார். நூல் ஊசிக்கு இந்தப் பக்கமும் போனது, அந்தப் பக்கமும் போனது, காதுக்குள் மட்டும் போகவில்லை.

“அப்போ, மூக்குக்கண்ணாடி வராத காலத்துல, வயசான தையல்காரன் என்ன பண்ணியிருப்பான்?”

“பொண்டாட்டி கோத்துக் குடுத்திருப்பா. வேற யாரு? குடுங்க இங்க!”

வெடுக்கென்று பிடுங்கினாள். நூல் நுனியை உதட்டில் ஈரப்படுத்தி, ஒரே தடவையில் கோத்து நீட்டினாள். மாஸ்டருக்கு வாயெல்லாம் பல்.

“கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நீ பதில் சொன்ன ஒரே கேள்வி இதுதான். அப்போ...”

அதற்குள் யாரோ துணி வாங்க வந்துவிட்டார்கள். அந்த ‘அப்போ’ அந்தரத்தில் நின்றது.

அடுத்த வாரம் துணி வெட்டிக்கொண்டிருந்தவரின் கையிலிருந்து கத்தரிக்கோல் நழுவி விழுந்தது. பின்னாலேயே மாஸ்டரும் விழுந்தார். பக்கவாதம். உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். சில வாரத்தில் யாராவது தாங்கிப் பிடித்தால் நாலடி நடந்தார். வலது கை மடியிலேயே கிடந்தது. பேச்சு அடியோடு நின்றுபோனது.

“அவருக்கு எல்லாம் புரியுதும்மா” என்றார் டாக்டர். “வார்த்தைதான் வெளிய வர வழி தெரியாம நிக்குது. திரும்பி வரலாம், வராமலும் போகலாம். நீங்க விட்டுடாம பேச்சுக் குடுத்துக்கிட்டே இருங்க.”

‘வராமலும் போகலாம்’ என்ற அந்த ஒரு சொல் அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. வாயை மூடுங்கள் என்று காலமெல்லாம் கெஞ்சியவளுக்கு, மூடிய வாயைப் பார்க்கச் சகிக்கவில்லை. வீட்டில் மின்விசிறியின் சத்தம்கூடக் கேட்டது. ‘எதையாவது கேட்டுத் தொலைக்கக்கூடாதா இந்த மனுஷர்!’ என்று அடுப்படியில் நின்று அழுதாள்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். சின்ன வயது, பொறுமையோ பொறுமை. படம் போட்ட அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டுவாள். மாஸ்டர் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் ஆப்பிள் படத்தைக் காட்டியபோது அவர் உதடு அசைந்தது.

“அப்...”

“ஆப்பிள்! சூப்பர் சார்!” என்று பயிற்சிக்காரப் பெண் துள்ளினாள்.

அப்பாவைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். “ஆப்பிள் இல்ல மேடம். தாத்தாவைத் தேடறாரு. ‘அப்பா’ன்னு கூப்பிடறாரு” என்று அழுதாள்.

அடுத்து நாற்காலி படம். “அப்...” குடை. “அப்...” பூனைக்கும் அதேதான். பயிற்சிக்காரப் பெண்ணின் முகம் வாடியது. ஒரே சத்தத்தில் மாட்டிக்கொண்டுவிட்டார் போலிருக்கிறது என்றாள். மாஸ்டர் இடது கையால் அட்டைகளைத் தள்ளிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

ஈரக் கையோடு அடுப்படி வாசலில் நின்றிருந்த மனைவிக்குச் சுரீரென்றது.

“ஐயோ, ஆப்பிளும் இல்ல, அப்பாவும் இல்ல! மனுஷன் ‘அப்போ’ங்கறாரு! பூனையைக் காட்டி இது என்னன்னு கேட்டா அவருக்குக் கோவம் வராதா? அவரு நம்மளைக் கேள்வி கேக்கறாரு!”

மாஸ்டர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். அப்பாடா, நீயாவது கண்டுபிடித்தாயே என்பதுபோல ஒரு பார்வை.

அன்றோடு அட்டைகள் பைக்குள் போயின. பார்க்க வருகிறவர்களிடம் அவள் வாசலிலேயே கறாராகச் சொல்லிவிடுவாள். “எப்படி இருக்கீங்க, சாப்பிட்டீங்களான்னெல்லாம் கேக்கக்கூடாது. அவருக்குப் பிடிச்ச மாதிரி ஒரு கேள்வி கொண்டு வந்தாத்தான் உள்ள விடுவேன்.”

நம்புங்கள், கொண்டு வந்தார்கள். டீக்கடைக்காரர் வந்து, “மாஸ்டர், சபையில ராஜாவுக்குக் கொட்டாவி வந்தா மத்தவங்களும் விடலாமா, கூடாதா?” என்றார். பயிற்சிக்காரப் பெண், “தூக்கத்துல ராணி குறட்டை விட்டா யாரு சார் எழுப்புவாங்க?” என்றாள். வாத்தியார் வந்து காலடியில் உட்கார்ந்துகொண்டு, “நான் பதிலோட வந்திருக்கேன் மாஸ்டர். கேள்வி என்னன்னு நீங்கதான் சொல்லணும்” என்றார். அவர் பேன்ட் கடையில் பிரித்தபடியே கிடந்தது. அதைப் பற்றி அவரும் வாய் திறக்கவில்லை, தைக்கக் கொடுத்த வேறு யாரும் வாய் திறக்கவில்லை. இந்த ஜனங்களுக்கு என்ன கைம்மாறு செய்யப்போகிறோம் என்று அவள் மனசு நிறைந்துபோகும். மாஸ்டர் ஒவ்வொரு கேள்விக்கும் கண்ணால் சிரித்தார். ‘அப்...’ என்பது ‘அப்போ’ ஆனது. அதைத் தாண்டி மட்டும் ஒரு எழுத்து வரவில்லை.

ஒரு காலையில் அவள் கடை வேலையைக் கொஞ்சம் வீட்டுக்கே கொண்டு வந்து, ஜன்னலோரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். பட்டன் தைக்க வேண்டும். பேச்சுக் கொடுக்க வேண்டுமே என்று, அவர் கேட்ட கேள்வியை அவரிடமே திருப்பிப் போட்டாள்.

“அப்போ, மூக்குக்கண்ணாடி வராத காலத்துல வயசான தையல்காரன் என்ன பண்ணியிருப்பான்? பொண்டாட்டி கோத்துக் குடுத்திருப்பா. நான்தான் அன்னைக்கே சொன்னேனே.”

சொல்லிக்கொண்டே நூலை நீட்டினாள். ஊசிக் காதைத் தாண்டி அது காற்றில் போனது. மறுபடி ஈரப்படுத்தி நீட்டினாள். மறுபடியும் போகவில்லை. கொஞ்ச நாளாகவே அவளுக்கும் கண் மங்கிக்கொண்டு வந்தது. இவருக்கு ஓடி ஓடிப் பார்த்ததில், அதை யாரிடமும் சொல்ல நேரமில்லை. மாஸ்டர் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்போ...” என்றார்.

அவள் வழக்கம்போலக் காத்திருந்தாள்.

“அப்போ... பொண்டாட்டிக்கு... யாரு?”

ஊசி மடியில் விழுந்தது. சத்தம் போட்டு மகளைக் கூப்பிட வேண்டும் என்று நினைத்தாள். கண்ணீர்தான் கொட்டியது. அன்றைக்குக் கடையில் அந்தரத்தில் நின்றுபோன கேள்வி இதுதானா? இதைக் கேட்கத்தான் இத்தனை நாளும் முட்டி மோதினாரா?

மாஸ்டர் இடது கையைத் தூக்கித் தட்டுத் தடுமாறித் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அதை அவள் பக்கம் நீட்டினார்.

அவள் அதை வாங்கிப் போட்டுக்கொண்டாள். அழுகையும் சிரிப்புமாக ஊசியைத் தேடி எடுத்து நூலை நீட்டினாள். போய்விட்டது.

“பாவம், ராஜா காலத்துல அவளுக்கு இது கிடைக்கலங்க” என்றாள். “நான் குடுத்து வச்சவ.”

மாஸ்டர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவளைப் பார்த்தார்.

“அப்போ...”

“கேளுங்க” என்றாள்.