வருசநாட்டுப் பக்கம் இறங்கியது

கல்யாணமாகி நாலு வருஷம் ஆகியும் பிள்ளை இல்லை. குறை என்னிடம்தான் என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. டாக்டருக்கு மட்டும் தெரியவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த அந்த டாக்டரம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம், "உனக்கு ஒண்ணும் இல்ல. வீட்டுக்காரரக் கூட்டிட்டு வா, அவருக்கும் டெஸ்ட் எடுக்கணும்" என்றே சொல்லி அனுப்பினார். வீட்டுக்காரருக்கு ஏது நேரம்? ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற கம்பெனியில் சூப்பர்வைசர். அவர் ஒரு நாள் லீவு போட்டால் நாட்டில் அடிபட்டவர்கள் கதி என்ன ஆவது?

ஆனால் சதுரகிரி மலைக்கு நடக்க ஐந்து நாள் லீவு கிடைத்தது. நாங்கள் இருவரும் வீட்டு வாசலில் கிளம்பி, செருப்பில்லாமல் நடந்து, மலையேறிக் கும்பிட்டு, நடந்தே வீடு திரும்புவதாக வேண்டுதல். நடுவில் வண்டி ஏறக் கூடாது. டெஸ்டுக்குப் பதில் அவர் கண்டுபிடித்த வைத்தியம் அது. நானும் ஒரு பேச்சு வைத்தேன். "நான் குறை சொல்லாம நடந்து முடிச்சா நீங்க டாக்டரம்மாகிட்ட வரணும்."

"முழுசா நடந்து முடி, வாரேன்" என்றார். ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் தெரிவதற்குள் நான் உட்கார்ந்துவிடுவேன் என்று கணக்குப் போட்டிருந்தார், பாவம்.

நான் உட்காரவில்லை. மூன்றாம் நாள் மலையேறும்போது பாறைக்குப் பாறை உட்கார்ந்தவர் அவர்தான், எனக்காகத்தான் உட்கார்கிறாராம். மூச்சை எப்படி விட வேண்டும் என்று வேறு வழி நெடுகப் பாடம். என் கால் இரண்டிலும் கொப்புளம் உடைந்து ரத்தம் கசிந்தது. பேண்டேஜ் கம்பெனி சூப்பர்வைசர் கையோடு ஒரு சாண் துணிகூட எடுத்து வரவில்லை. மேலே சாமியிடம் நான் பிள்ளை கேட்கவில்லை. இந்த மனுஷனை டாக்டர் வாசல் வரைக்கும் கொண்டு வந்து சேர்த்துவிடு என்றுதான் கேட்டேன்.

நாலாம் நாள் இறக்கம். எல்லோரும் இறங்குகிற பாதையில் இறங்கினால் அவருக்கு என்ன மரியாதை? ஒரு ஓடையைப் பார்த்து நின்றார். "ஏட்டி, இதப் பிடிச்சுப் போனா செத்த நேரத்துல கீழ போயிரலாம். இந்த மலைத் தண்ணி அம்புட்டும் நம்ம கண்மாய்க்குத்தான வருது."

எங்கள் பக்கத்தில் பிறந்தவர்கள் யாரும் அதை மறுத்துப் பேச மாட்டார்கள். நானும் மறுக்கவில்லை. மலையில் விழுகிற தண்ணீரெல்லாம் நம் வயலுக்கு வருவதற்கென்றே விழுவதாகத்தான் எங்களுக்கு நினைப்பு. மலைக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது, அங்கேயும் ஜனங்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் தண்ணீர் வேண்டியிருக்கும் என்பதெல்லாம் மனசில் ஏறியதே இல்லை.

சாயங்காலம் வெயில் நேராக முகத்தில் அடித்தது. எங்கள் ஊரில் பொழுது மலைக்குப் பின்னால் அல்லவா விழும். "என்ன, வெயில் மூஞ்சில அடிக்கு?" என்றேன்.

"பேசாம வாட்டி. குறை சொல்ல மாட்டேன்னுதான சொன்ன."

வாயை மூடிக்கொண்டேன். அடிவாரத்தில் மாடு ஓட்டிக்கொண்டு வந்த ஒருவரிடம், எங்கள் பக்கத்து அடிவார ஊரான வத்திராயிருப்பு இன்னும் எம்புட்டு தூரம் என்று அவர் கேட்டார். அந்த ஆள் எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நாங்கள் இறங்கி வந்த மலையையே கையால் காட்டினார். "அது அந்தப் பக்கம்ல இருக்கு. இது வருசநாடு." சிரிக்காமல் சொன்னார், நல்ல மனுஷர். அவர் வீட்டிலேயே கஞ்சி குடித்துவிட்டுப் படுத்தோம்.

காலையில் திரும்ப மலையேறுவோம் என்றேன். அவர் தன் வீங்கிய காலைப் பார்த்தார், நாளைக்கு டூட்டி என்றார், பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார். கண்டக்டர் விசில் ஊதும் வரைக்கும் கீழேயே நின்று பார்த்தேன். பிறகு ஏறினேன். அந்தப் படியில் கால் வைத்தது இன்றைக்கும் உறுத்துகிறது.

இரண்டு பஸ் மாறி உட்கார்ந்த பிறகு, கடலையைக் கொறித்துக்கொண்டே நிதானமாகச் சொன்னார். "நடை முடியலேல்ல. வண்டி ஏறியாச்சு. அப்பம் நம்ம பேச்சும் முடிஞ்சு போச்சு."

வழியைத் தப்பவிட்டது அவர். வண்டியில் முதலில் ஏறியதும் அவர். தீர்ப்பு மட்டும் எனக்கு. அழக்கூட வராத அளவுக்குக் கோபம் வந்தது. பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு முந்தின ஊரான கிருஷ்ணன்கோவிலில் பஸ் நின்றதும் இறங்கிவிட்டேன்.

"எங்கட்டி போற?"

"நடக்கப் போறேன். நீங்க வண்டியிலயே போங்க."

பஸ்ஸில் எங்கள் ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். பெண்டாட்டி வெறுங்காலோடு ரோட்டில் போக, புருஷன் சீட்டில் போனான் என்று ராஜபாளையம் முழுக்கப் பேசும். அதனால் இறங்கினார். என் மேல் கொண்ட பிரியத்தால் இறங்கினார் என்று எழுத எனக்கும் ஆசைதான்.

மூன்று மணி நேரம் நடந்தோம். நான் முன்னால், அவர் பத்தடி பின்னால். டீ குடிக்கலாமா என்று இரண்டு தடவை கேட்டார். நான் நிற்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் வந்ததும், ராஜபாளையம் ரோட்டை விட்டு டாக்டரம்மா இருக்கிற தெருவுக்குள் திரும்பினேன்.

"வீடு அந்தப் பக்கம்" என்றார்.

"தெரியும். இந்த வழிய நான் தப்பவிட மாட்டேன்."

பின்னால் காலடிச் சத்தம் நின்றுபோனது. அந்த முனையில் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் வரும். ஏறினால் இருட்டுவதற்குள் வீடு. திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது, பார்க்காமலே நடந்தேன். உள்ளே போய் பெஞ்சில் உட்கார்ந்தேன். சீட்டு எழுதுகிற அக்காவுக்கு என்னைப் பழக்கம். "வாம்மா, உனக்குத்தான?" என்று பேனாவை எடுத்தாள்.

"எனக்கு இல்லக்கா. அவியளுக்கு" என்றேன், வாசல் பக்கம் பார்க்காமல்.

அவள் என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தாள். பெஞ்சில் இருந்தவர்களும் பார்த்தார்கள். பிறகு எனக்குப் பின்னால், தொண்டையைச் செருமிக்கொண்டு, அவர் தன் பெயரைச் சொன்னார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

"வயசு?" என்று கேட்டாள் அந்த அக்கா.

இரண்டு வயது குறைத்துச் சொன்னார். நான் திருத்தவில்லை.