ஐந்து படி கீழே

இசைவாணி வல்லத்திராக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். ஞாயிறு காலையில் மாதா கோவிலில் கீபோர்டு வாசிப்பாள். மற்ற சாயங்காலங்களில் கோவிலுக்குச் சொந்தமான அதே கீபோர்டைத் தூக்கிக்கொண்டு, காலியாகக் கிடந்த கோழிப்பண்ணைக்கு வந்துவிடுவாள். அங்கே பீட்டர் கிடாரோடு தொண்டை கிழியக் கத்துவான், நான் டிரம்ஸைப் போட்டு மொத்துவேன். சேற்றில் சிக்கிய டிராக்டர் மாதிரி மெதுவாக, கனமாக நகரும் மெட்டல் இசை எங்களுடையது. அந்த இரைச்சலுக்கு மேலே இவள் ஒரு சத்தத்தைப் பரப்புவாள் பாருங்கள், பெரிய திரையில் படம் தொடங்குவதுபோல் இருக்கும். அது இல்லாவிட்டால் நாங்கள் வெறும் சண்டைக்காரர்கள்.

அப்படி நாற்பது சத்தங்களை நான்கு வருடமாகத் திருகித் திருகி உருவாக்கி, அந்தக் கீபோர்டுக்குள்ளேயே வைத்திருந்தாள்.

"பென்டிரைவ்ல ஒரு காப்பி போட்டு வையி" என்று நூறு தடவை சொல்லியிருப்பேன்.

"பெறகு பாத்துக்கலாம், விடு" என்பாள். நானாவது போட்டிருக்கலாம்.

பீட்டருக்குக் கத்தார் வேலை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை விமானம். அதற்கு முந்தின நாள் திருச்சியில் ஸ்டுடியோ பிடித்தோம். ஆறு பாட்டையும் அன்றைக்கே பதிந்தாக வேண்டும். விட்டால் அவன் திரும்பி வர இரண்டு வருடம்.

வியாழனன்று கோவிலில் திருவிழாக் கொடியேற்றம். எங்கள் பாட்டுக்காகக் கீபோர்டின் ஸ்கேலை, அதாவது சுருதியை, ஐந்து படி இறக்கியிருந்தவள், ஏற்றி வைக்க மறந்து பரீட்சை டூட்டிக்குப் போய்விட்டாள். வேறொரு பெண் அது தெரியாமல் வாசிக்க, மாதா பாட்டு பாதாளத்தில் தொடங்கியது. ஊரே திணறியது.

வெள்ளிக்கிழமை கீபோர்டை எடுக்கப் போனோம். கோவிலைப் பார்த்துக்கொள்ளும் சவரியப்பன் வாசலிலேயே எதிர்கொண்டார்.

"சத்தம் கெணத்துக்குள்ள இருந்து வந்துச்சு தாயி. போன்ல வீடியோ பாத்து, உள்ள கெடந்ததயெல்லாம் அழிச்சு, வாங்குன அன்னைக்கி இருந்த மாதிரி ஆக்கிட்டேன்."

துடைத்து, புதுத் துணி போட்டு மூடியும் வைத்திருந்தார். அந்த மனுசனைத் திட்ட வாய் வருமா?

"நல்லதுங்க பெரியப்பா" என்றாள் இசைவாணி.

பண்ணைக்கு வந்து திருகிப் பார்த்தாள். அந்த நாற்பது சத்தத்தில் ஒன்றுகூடத் திரும்பக் கிடைக்கவில்லை. "எப்புடிப் பண்ணுனேன்னே தெரியலடா, செந்தமிழா" என்று என்னைப் பார்த்தாள். எனக்கு என்ன தெரியும்?

சனிக்கிழமை அவள் ஸ்டுடியோவுக்கு வந்தாள், இரண்டு முறை தொட்டாள், கையை எடுத்துக்கொண்டாள். "பாட்டுல ஒன் எடத்தக் காலியா விட்டுருக்கு. அந்தச் சத்தம் வாரப்ப வாசி" என்றான் பீட்டர். தலையாட்டினாள். அது வரப்போவதில்லை என்று மூன்று பேருக்கும் தெரியும்.

ஞாயிறு காலை பூசை நேரத்தில் பீட்டர் ஏர்போர்ட்டில் இருந்தான். ஸ்கேல் சரியாக இருந்ததால் ஜனங்கள் குரல் தெளிந்து பாடினார்கள். பீடத்தருகே நின்ற சவரியப்பன் அவளைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். அவளும் சிரித்தாள், ஒரு விரல்கூடத் தப்பாமல் வாசித்து முடித்தாள். பின்வாசலில் நின்ற எனக்குத்தான் அந்தக் கீபோர்டைத் தூக்கிப் போட்டு உடைக்க வேண்டும்போல் இருந்தது.