பெட்டைக்கு இடம் பார்த்த கதை

புளித்த பால் வாசனை எங்கே அடித்தாலும், டீக்கடையோ கைக்குழந்தை இருக்கிற வீடோ, என் மூக்கு மாமல்லபுரத்து வாடகை வீட்டின் பின்கட்டுக்கு ஓடிவிடுகிறது. எழுபதுகளின் நடுவில் ஒரு மழைக்காலம். கோணியின் மேல் எங்கள் அல்சேஷன் படுத்திருக்கிறது. அதன் வயிற்றோடு ஐந்து குட்டிகள், ஈர மூக்கும் சிணுங்கலுமாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறி, உருண்டு, மறுபடி ஏறி. வெளியே ஒரு கடல், உள்ளே ஒரு கடல்.

செங்கல்பட்டில் விறகு மண்டி வைத்திருந்த பாயிடம் ஒரு நல்ல கடுவன் நாய் இருந்தது. எங்கள் நாயைச் சவுக்குக் கட்டை லாரியில் ஏற்றி, அதனோடு இணை சேர்த்துக் கூட்டிவந்ததும் என் பொறுப்பு தீர்ந்தது என்று நினைத்தேன். எங்கே தீர்ந்தது? கூழ் காய்ச்சு, கோணி அலசு, பூச்சி மருந்து புகட்டு, அது கடித்துக் குதறிய செருப்புக்காகப் பக்கத்து வீட்டில் பல்லைக் காட்டு.

குட்டி கேட்டு வந்தவர்களுக்கு ஒரே கேள்விதான். "கடுவன் கீதா?" பெட்டை என்றால் வருஷத்துக்கு இரண்டு தரம் வாசலில் ஊர் நாயெல்லாம் கூடும், யாருக்கும் வேண்டாம். அப்படி வேண்டாத குட்டிகளைச் சாக்கில் கட்டி மீன் மார்க்கெட் ஓரம் போட்டுவிட்டுப் போவதை என் மனைவி கண்ணால் பார்த்திருந்தாள். எங்கள் ஐந்தில் ஒன்றுதான் பெட்டை. அதற்கு ஒரு வீடு அமைகிறவரை அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நாங்களே வைத்துக்கொள்ளலாமென்றால், வீட்டுக்காரர் ஒரு நாய்க்கே மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார்.

கூடுவாஞ்சேரியிலிருந்து வந்த ஒருவரை அவள் துருவி எடுத்துவிட்டாள். "வூட்ல எத்தினி பேரு? நாளெல்லாம் சங்கிலியிலயே கட்டி வெப்பீங்களா?"

"இன்னாம்மா, நான் நாய்க்குட்டி கேக்க வந்தேனா, பொண்ணு கேக்க வந்தேனா?"

"ரெண்டும் ஒண்ணுதான். பெட்டைய எடுத்துக்கிறீங்களா?"

அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டார்.

கடுவன்காரருக்குக் கூலி தருவதில்லை. ஈற்றில் முதல் குட்டியைப் பொறுக்குகிற பாத்தியதை அவருடையது. குட்டிகள் பால் மறந்ததும் பாய் லாரியில் வந்தார், இடுப்பில் மண்டிச் சாவிக்கொத்து குலுங்க. "சத்தத்துக்கு ஓடாம நிக்கிது பாரு, அதான் என் குட்டி" என்று சொல்லிக்கொண்டே சாவிக்கொத்தைத் தரையில் வீசினார்.

நாலு கடுவன்களும் சிதறின. ஒன்று தாயின் வாலுக்கடியில், ஒன்று என் லுங்கிக்குள். பெட்டை மட்டும் ஆடி ஆடி வந்து, முகர்ந்து, வளையத்தைக் கவ்விக்கொண்டு பின்பக்கமாகவே நடந்தது.

பாய் தாடியைச் சொறிந்தார். "தரை சரியில்ல தங்கச்சி. இன்னொருவாட்டி போடறேன்."

போட்டார். மறுபடி அதே ஓட்டம், அதே கவ்வல்.

"தரை இப்ப எப்டி கீது பாய்?" என்றாள் என் மனைவி.

"அட, காவலுக்குக் கடுவன்தாம்மா..."

"மொதல்ல அவகிட்டருந்து சாவிய வாங்குங்க. அப்புறம் பேசுங்க."

அவர் இழுத்தார். உள்ளங்கை அகல உடம்பிலிருந்து ஓர் உறுமல் வந்தது. பாய் தோள் குலுங்கச் சிரித்தார். சிரித்தபடியே தோள் துண்டை விரித்தார்.

லாரி வரைக்கும் என் மனைவி விடவில்லை. பருவத்துக்கு வந்தால் மண்டிக் கதவைச் சாத்தி வையுங்கள், முதல் ஈற்றுக்கு அவசரப்படாதீர்கள், பிடிக்கவில்லையென்றால் இங்கேயே கொண்டுவந்து விடுங்கள், மார்க்கெட் பக்கம் மட்டும் வேண்டாம். மூச்சு விடாமல் சொன்னாள். லாரி உறுமிக் கிளம்பியது. பாய் ஜன்னலில் தலையை நீட்டினார், துண்டுக்குள்ளிருந்து இரண்டு காதுகளும் நீண்டன.

"பேஜாரு பண்ணாத தங்கச்சி! இது குட்டி போட்டா, நல்ல கடுவனாப் பாத்து மொதல்ல உனக்குத்தான்!"

செருப்பில்லாமல் மணலில் ஓடிக்கொண்டே அவள் கத்தினாள்: "கடுவன் வேணாம் பாய்! பெட்டையாக் குடுங்க!"