இடது பெருவிரல் ரேகை

கைபேசியில் புதிதாக ஒரு விரல்ரேகை பதியப்பட்டால், கடவுச்சொற்களைப் பூட்டி வைக்கும் பெட்டகச் செயலியின் பழைய சாவி அந்தக் கணமே செல்லாததாகிவிட வேண்டும். முதன்மைக் கடவுச்சொல்லைக் கேட்காமல் பெட்டகம் திறக்கக் கூடாது. சாவி இருப்பது கைபேசிக்குள் தனியாக உள்ள பாதுகாப்புச் சில்லில். அதை வெளியே எடுக்க யாராலும் முடியாது. செயலியின் விதிப்பக்கத்தில் இப்படித்தான் இருந்தது. நான் சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவன். விதியைப் படிக்காமல் எதிலும் கைநாட்டு வைப்பதில்லை.

இறந்துபோன என் அண்ணனின் மகன், மண்டபம் ஊரில் உள்ள என் வீட்டுக்குள் பட்டப்பகலில் ஒரு கூட்டாளியோடு வந்தான். ஓய்வூதியக் கணக்கின் கடவுச்சொல் வேண்டுமாம். எனக்கு வேறு வருமானம் இல்லையென்று அவனுக்குத் தெரியும். மறுத்தேன். கீழே தள்ளி நெஞ்சில் ஏறி உட்கார்ந்தான்.

"விரல வைங்க சித்தப்பா."

அறையும்போதும் 'ங்க'வை விடவில்லை. அண்ணன் வளர்ப்பு.

வலது கட்டைவிரலை இழுத்துக் கைபேசியில் அழுத்தினான். திறக்கவில்லை. தோல் கிழிய முறுக்கினான். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. பத்திரத்தில் வைப்பது இடது பெருவிரல் ரேகை. பணிக்காலம் முழுக்க அதையே வாங்கிய பழக்கத்தில் கைபேசியிலும் அதைத்தான் பதிந்திருந்தேன். அந்தக் கை என் முதுகுக்கடியில் கிடந்தது.

"ஏலே, ரத்தத்தத் தொடச்சுட்டு வைய்யி," என்றான் கூட்டாளி. "இல்லாட்டி வெரல வெட்டி எடுத்துருவோம்."

"வெட்டுன விரல அது ஏத்துக்காது," என்றேன்.

அதற்குக் கிடைத்த உதையில் ஒரு பல் போனது.

பலமுறை தவறியதும் கைபேசி விரலை விட்டுவிட்டு ரகசிய எண்ணைக் கேட்டது. அடுத்த உதைக்கு அதைச் சொல்லிவிட்டேன். கைபேசி திறந்தால் என்ன, பெட்டகத்துக்கு விதி காவல் இருக்கிறதே! அவன் தன் விரலைப் புதிதாகப் பதிந்துகொண்டான். பெட்டகத்தைத் தொட்டான். அது திறந்தது.

"இதுக்குத்தான் இம்புட்டு அடி வாங்குனீங்களா சித்தப்பா?"

கணக்கைத் துடைத்துவிட்டான். போலீஸ் அவனைப் பிடித்தது; பணம் வரவில்லை. ரகசிய எண்ணை நானே சொன்னதால் பொறுப்பு என்னுடையது என்றது வங்கி. தவறு செயலியுடையது என்று அந்த நிறுவனம் எழுத்தில் ஒப்புக்கொண்டால் பார்க்கலாமாம். விதியை மேற்கோள் காட்டி, இடது கையால் தட்டித் தட்டி அவர்களுக்கு எழுதினேன். பிறகு நினைவூட்டல். பிறகு மறு நினைவூட்டல்.

ஒருவழியாக ஒப்புக்கொண்டார்கள்: என் மாடல் கைபேசியில், பழைய சாவியை அழிக்கும் ஏற்பாட்டை இயக்க மறந்துவிட்டார்களாம். வருந்துகிறார்களாம். அந்தப் பதில் வந்தது, அண்ணனுக்குத் தர்ப்பணம் கொடுக்க அவன் ஜாமீனில் ராமேசுவரம் வந்திருந்த ஆடி அமாவாசை அன்று.