பாஸ்டர் சொன்ன சாட்சி

என் கணவர் பாஸ்டர் வேலையை விட்டபோது ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கமிட்டியோடு சண்டை என்றார்கள், வெளிநாடு போகிறார் என்றார்கள். வேறு சபைகளில் ஊழியத்தை விட்டுப்போன பாதிரியார்களின் கதைகளையெல்லாம் இவர் தலையில் கட்டினார்கள். பாஸ்டரம்மாவாகக் கூடவே குப்பை கொட்டிய என்னை ஒருவரும் கேட்கவில்லை.

கும்மிடிப்பூண்டியில் எங்கள் சபை, ஷீட் போட்ட சின்ன ஹால். வருகிறவர்கள் கம்பெனியில் மூன்று ஷிஃப்ட் பார்ப்பவர்கள். அதனால் பாஸ்டருக்கும் மூன்று ஷிஃப்ட். புது பைக்குக்கு ஜெபம், போர்வெல்லுக்கு ஜெபம், மச்சான் குடியை விட ஜெபம். தட்டில் கை வைத்தால் போன் அடிக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இந்த மனுஷனுக்கோ முடியாது என்று சொல்ல வாயே வராது.

ஒருமுறை அவர் காய்ச்சலில் படுத்தார். பார்க்க வந்த சபை அக்கா ஒருவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னாங்கய்யா, உங்களுக்கே ஜுரமா?"

பாஸ்டருக்கு ஜுரம் வந்தால் விசுவாசத்தில் ஏதோ கோளாறு! மனசு விட்டுப்போனால்? அதைத்தான் அவர் யாரிடமும் சொல்ல முடியாமல் தவித்தார்.

கடைசியில் ஒரு ஞாயிறு, கர்த்தர் தங்களுக்குச் செய்ததை ஒவ்வொருவராக எழுந்து சொல்லும் சாட்சி நேரத்தில் சொல்லியே விட்டார். "எனக்குத் தூக்கம் இல்ல. ஜெபம் பண்ண உக்காந்தா வார்த்தையே வரல. என்னால முடியல."

எங்கள் சபையில் சாட்சிக்கு ஒரு வழக்கம் உண்டு. முதலில் கஷ்டத்தைச் சொல்ல வேண்டும், அப்புறம் அற்புதம். கூட்டம் அற்புதத்துக்குத் தயாராகி, "ஆமென்! அல்லேலூயா!" என்று கைதட்டியது. கீபோர்டுக்காரர் வேறு வாசிக்க ஆரம்பித்துவிட்டார். இவரிடம் அற்புதம் எதுவும் இல்லை. உட்கார்ந்துவிட்டார். வெளியே ஒருவர் இவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"செம மெசேஜுங்கய்யா! மீதிய அடுத்த வாரம் சொல்லுங்க."

வீட்டுக்கு வந்து வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரிப்பு அழுகையில் முடிந்தது. அந்த மாதமே அவர் விலகினார்.

இப்போது காக்களூரில் ஒரு சின்ன கம்பெனியில் ஸ்டோர் பார்க்கிறார். போன வாரம் வேலை முடிந்து வந்தவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார். கேன்டீனில் எதிரே உட்கார்ந்திருந்த வெல்டர் இவரையே பார்த்துவிட்டு, "இன்னாண்ணா, மூஞ்சே சரியில்ல? இன்னா பேஜாரு?" என்று கேட்டாராம்.

இவர் சொல்லச் சொல்ல, அவர் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டாராம். நடுவில் புத்தி சொல்லவில்லை. மணி அடித்ததும் தோளைத் தட்டி, "நாளைக்கும் இங்கயே வந்து குந்துண்ணா, மீதிய பேசலாம்" என்றாராம்.

எல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் என் கணவர் செருப்பைக் கழற்றினார். சபையில் இருந்த அத்தனை வருஷத்தில் ஒருவர்கூட அவரை அப்படிக் கேட்டதில்லை.