சோழ அரசிக்கு மல்லி

செவ்வாய்க்கிழமை காலை செங்கல்பட்டுப் பேருந்து நிலையத்தில் நின்றிருந்தபோது வசந்தாவின் தம்பி போன் செய்தார். “டீச்சர், அக்கா பூட்டாங்க.” மாரடைப்பு. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. என்னைவிடப் பத்து வயது சின்னவள், என்னை முந்திக்கொண்டு போகலாமா?

மாமல்லபுரத்தில் அவள் கடைக்குப் போனவர்களுக்கு ‘அரசியர்’ வரிசை செண்ட்டுகள் நினைவிருக்கும். பழைய அரசிகள் ஒவ்வொருவருக்கும் ஒரு பூவின் வாசனை. சரித்திர டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற நான் பெட்டிக்குள் வைக்கும் குறிப்பை எழுதுவேன், கலப்பது அவள். புதுக் கலவையைத் துணியில் தொட்டு, கடைக்குப் பின்னால் கொடியில் போடுவாள். சாயங்காலம் வரை வாசனை நின்றால்தான் அது பாட்டிலுக்குப் போகும். “கடல் காத்துல நிக்காதத எதுக்கு டீச்சர் விக்கணும்?” என்பாள். பல்லவ அரசிக்கு நான் ஆசையாகச் சொன்ன தாமரை மூன்று முறை தோற்றது, தாழம்பூ ஜெயித்தது. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

பெரிய சண்டை சோழ அரசியால் வந்தது. இளம் வயதில் கணவனை இழந்து, கோயில் திருப்பணியிலேயே காலம் கழித்தவள். சந்தனமும் கற்பூரமும் போதும், பூ வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். வசந்தா மல்லியைச் சேர்த்துவிட்டாள்.

“புருஷன் போனவளுக்கு மல்லியா? படிச்சவங்க சிரிப்பாங்க” என்றேன்.

“அந்தம்மா பூ வச்சிகினாங்களா இல்லியான்னு கல்வெட்டுல எழுதிக்கீதா?”

இல்லை என்றேன்.

“அப்போ அவங்க தலையிலேந்து பூவ எடுத்தது யாரு? நீங்கதான?”

என் கணவர் போய் அப்போது ஆறு வருடம். வாடிக்கைப் பூக்காரியைக்கூட வரவேண்டாம் என்று சொல்லியிருந்தேன். பத்து நாள் நான் கடைப்பக்கமே போகவில்லை. அவளும் சமாதானம் பேச வரவில்லை. பிறகு நானே போய்க் குறிப்பைத் திருத்திக் கொடுத்தேன்.

குறிப்பை மட்டும்தான் திருத்தினேன். அதன்பின் வெள்ளிக்கிழமைதோறும் அவள் ஒரு முழம் மல்லி வாங்கி என் முன்னால் வைப்பாள். “வச்சா வைங்க, வைக்காட்டி போங்க.” நான் அதைக் கடைப் பிள்ளையார் படத்துக்குச் சாத்திவிடுவேன். ஒரே ஒரு வாரமாவது அவள் கண்முன் வைத்துக்கொண்டிருக்கலாம். ஊர் வாய்க்குப் பயந்தேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அவளை அறிந்த உங்களிடம் அவள் தந்த பாட்டில்கள் இருக்கும். என்னிடம், பூவை எடுத்தது யார் என்று அவள் கேட்ட கேள்விதான் இருக்கிறது. அதற்கு நான் பதிலே சொல்லவில்லை.

நேற்று வெள்ளிக்கிழமை. மார்க்கெட்டில் ஒரு முழம் மல்லி கேட்டேன்.

“சாமிக்காம்மா?” என்றாள் பூக்காரி.

“இல்ல, எனக்கு” என்றேன்.