முடி இறக்கிய மறுநாள்

பத்து காவான் என்ற ஊரில் உள்ள ஓர் ஆய்வுக்கூடத்தில் புஷ்பவள்ளி ஒன்பது வருடம் தரை துடைத்தாள். பத்தாவது வருடம்தான் ரோபோவுக்குத் தட்டு வைக்கும் வேலை கிடைத்தது. தட்டில் ஒட்டியிருக்கும் படிக ஏடுகள் ஓர் அணு கனம்தான். பாலாடைகூட அவற்றின் முன்னால் தடித்த பலகை. ரோபோ உருப்பெருக்கியில் நல்ல ஏடாகத் தேடி, பசைப் படலத்தால் ஒற்றியெடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும். ஆள் செய்தால் மூன்று நாள் பிடிக்கும்.

மகள் ரூபினி நோயிலிருந்து பிழைத்ததற்கு வேண்டுதல். தைப்பூசத்தன்று புஷ்பவள்ளி தண்ணீர்மலை முருகன் கோயிலில் முடி இறக்கிச் சந்தனம் பூசிக்கொண்டாள். மறுநாள் அப்படியே வேலைக்கு வந்தாள். ரோபோ இருக்கும் தூசியில்லா அறைக்குள் பவுடர், பூ, திருநீறு கூடாது என்பது சட்டம். சந்தனத்தைப் பற்றி யாரும் சொன்னதில்லை. தலையுறைக்குள்தானே இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தாள்.

அன்று அடுக்கியவை பதினாறும் கெட்டன. ஏடுகளுக்கு நடுவே கொப்புளம் கொப்புளமாகக் காற்று. ரோபோவின் கையில்தான் கோளாறு, கழற்றி அனுப்பிவிடலாம் என்றார் மேலாளர் ரொஸ்னா. அதை ஓட்டப் பழக்கிய ஹரீஷ் சாப்பிடப் போகாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வேலை முடிந்து தலையுறையைக் கழற்றியபோது விளிம்பெல்லாம் காய்ந்த மஞ்சள் பொடி. புஷ்பவள்ளி அதைக் குப்பையில் போடாமல் மடித்து எடுத்துக்கொண்டாள். சொன்னால் பழையபடி தரைதான். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. வீட்டில் விளக்கேற்றிவிட்டு முருகன் படத்தின் முன்னால் நின்றாள். கும்பிடக் கை வரவில்லை.

காலையில் தலையுறையை ஒரு பையில் கட்டிக்கொண்டு ஹரீஷிடம் போனாள்.

"தம்பி, உங்க ரோபோ மேல தப்பு இல்ல லா. என் தலையில இருந்த சந்தனம் கொட்டிருக்கு."

அவன் பையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"எல்லா எடத்துலயும் தேடிட்டேன் அக்கா. மொட்டையில தேடணும்னு தோணலையே."

பொடியை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தான். ஏடுகளுக்கிடையே சிக்கியிருந்ததும் அதேதான்.

ரோபோவை யாரும் கழற்றவில்லை. ரொஸ்னா கோபப்படாமல்தான் பேசினார். ஆனாலும் மூன்று மாதத்துக்கு அறைக்குள் போகக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

திங்கட்கிழமை புஷ்பவள்ளி வெளித் தாழ்வாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் புதிதாக வந்தவள் தட்டைச் சற்றுக் கோணலாக வைத்தாள். புஷ்பவள்ளி விரலால் கண்ணாடியைத் தட்டி, கொஞ்சம் வலப்பக்கம் தள்ளு என்று கையைக் காட்டினாள்.